எவரெஸ்ட் பக்கம் சொகுசு ட்ரெக்கிங்: ஹெலிகாப்டர் பேக்கேஜா, நடந்தே இறங்குவதா?

சுபாங் மைதிலி

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் பணி ஓய்வு பெறுகிறார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் கொஞ்சம் எடுத்து, இருவருமாக நேப்பாளம் போய் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்க ஆசை. கூடாரம், வெளியே கழிவறை, வாளித் தண்ணீர் இதெல்லாம் இந்த வயதில் எங்களுக்கு ஒத்துவராது. அதனால் சொகுசு லாட்ஜ்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோலாலம்பூரில் ஓர் ஏஜென்ட் இரண்டு திட்டம் கொடுத்திருக்கிறார். முதலாவது, விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து ஆறே நாளில் பேஸ் கேம்ப். ஏழாம் நாள் காலை ஹெலிகாப்டரில் காட்மாண்டு. அங்கே ஐந்து நட்சத்திர ஹோட்டல், மசாஜ் எல்லாம் சேர்த்தி. இரண்டாவது, அதே பாதை, ஆனால் ஏறுவதற்கே எட்டு நாள், பிறகு நடந்தே இறங்குவது, மொத்தம் 12 நாள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவருக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. "கினபாலுவே ஏறினவங்க நாம" என்கிறார் (நம் சபாவில் இருக்கும் மலை; அது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலம்!). அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. எனக்கு முட்டி வலி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தே ஓ கோசோங்

ஹெலிகாப்டர், மசாஜ்... அக்கா, பை தூக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், மசாஜ் போதும்.

செந்தூல் பையன்

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997 மே 23ஆம் தேதி மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். மலேசியாவிலிருந்து முதலில் அங்கே நின்ற இரண்டு பேரும் நம் ஆட்கள். அவர்கள் மின்சாரப் போர்வையிலா படுத்தார்கள்? சுடுதண்ணீர்க் குளியலும் பஞ்சு மெத்தையும் வேண்டுமென்றால் கேமரன் மலைக்குப் போகலாமே. மலைக்குப் போய்ச் சொகுசு தேடுவதே எனக்குப் புரியவில்லை.

கொடிமலைக்காரன்

தம்பி, அவர்கள் கூடாரத்தில் படுத்தது உண்மைதான். ஆனால் எவரெஸ்ட் ஏறப் போகிறவர்கள் அந்த மலையில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருப்பார்கள். ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடி கொஞ்சம் மேலே ஏறுவார்கள். உடம்பு பழகுவதற்காகத்தான் அத்தனை நாள். மைதிலி அக்காவின் ஏஜென்ட் முதல் திட்டத்தில் கை வைத்திருப்பது அந்த நாள்களில்தான். மெத்தை இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அக்கா, ஆறு நாளில் பேஸ் கேம்ப் என்றால் இப்படித்தான் வரும், ஏஜென்ட் கொடுத்த தாளோடு வைத்துப் பாருங்கள். லுக்லா 2,860 மீட்டர். அன்று பாக்டிங்கில் தூக்கம், 2,610. மறுநாள் நாம்சே பஜார், 3,440. மூன்றாம் நாள் தெங்போச்சே, 3,860. நான்காம் நாள் டிங்போச்சே, 4,410. ஐந்தாம் நாள் லொபுச்சே, 4,940. ஆறாம் நாள் கோரக் ஷெப், 5,164. அன்றைக்கே பேஸ் கேம்ப் போய்த் திரும்புவது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் எல்லாரும் சொல்லும் கணக்கு. இந்தத் திட்டத்தில் அப்படி ஓர் இரவுகூட இல்லை. நாம்சேயில் ஒன்று, டிங்போச்சேயில் ஒன்று சேர்த்தால் எட்டு நாள் ஆகிவிடும். உங்கள் இரண்டாவது திட்டம் அதுதான்.

கினபாலு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் லாபான் ராத்தா விடுதி வரை, 3,272. நடுராத்திரி எழுந்து உச்சி, 4,095. பத்து மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கி மாலையில் கீழே வந்து சோறு சாப்பிடுகிறோம். உயர நோய் பெரும்பாலும் உடனே தெரியாது, ஏறிச் சில மணி நேரம் கழித்துத்தான் தலையைக் காட்டும். கினபாலுவில் அது வருவதற்குள் நாம் கீழே வந்துவிடுகிறோம். எவரெஸ்ட் இருக்கும் கும்புப் பகுதியில் அப்படியில்லை, ஏறிய இடத்திலேயே படுக்க வேண்டும், மறுநாள் இன்னும் மேலே போக வேண்டும். கினபாலு ஏறியது கால் தாங்குமா என்பதற்குச் சான்று. 5,000 மீட்டரில் தூங்க முடியுமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

கிள்ளான் மருத்துவர்

நான் பொது மருத்துவர், மலை நிபுணர் இல்லை. ஆனால் ட்ரெக்கிங் போகிறவர்கள் மாத்திரை கேட்டு வருவதால் இதையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன்.

முதலில் காற்று. உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். நாம்சேயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பேஸ் கேம்ப்பில் ஏறக்குறைய பாதி. தினமும் ஜாக்கிங் போகிறவரா, ஆறு மாதம் ஜிம்முக்குப் போனவரா என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு தராது. திடகாத்திரமான இளைஞர்கள் வேகமாக ஏறி முதலில் விழுவதும் உண்டு.

தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, சாப்பிடப் பிடிக்காமல் போவது, அசதி. இவை வந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ அது வேறு கட்டம். ஓர் எளிய சோதனை சொல்கிறேன். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்ட வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே இறங்க வேண்டும். மூளை வீக்கமும் நுரையீரலில் நீர் கோப்பதும் ஓர் இரவில் உயிரை எடுத்துவிடும்.

மாத்திரை என்றால் அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்பார்கள். தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவது. விரல் நுனி மரத்தாற்போல் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், கோக் குடித்தால் காற்றுப் போனது மாதிரி இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மைதிலி, உங்கள் கணவரின் ரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீர் பிரிக்கும் வகை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டயமாக்ஸும் அந்த வேலையைச் செய்வதுதான், இரண்டும் சேர்ந்தால் உடம்பு வறண்டுவிடும். உயரத்துக்குப் போன முதல் சில நாளில் ரத்த அழுத்தம் கூடுவதும் சகஜம். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம், ஆனால் அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சுபாங் மைதிலி

டாக்டர், ரொம்ப நன்றி. இவரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார். முதல் திட்டத்தில் "ஒவ்வொரு லாட்ஜிலும் ஆக்சிஜன் சிலிண்டர்" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?

கிள்ளான் மருத்துவர்

சிலிண்டர் இருப்பது நல்லது. ஆனால் அது இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான், இறங்காமல் இருப்பதற்கு இல்லை. சிலிண்டர் முடிந்ததும் அதே உயரத்தில்தானே இருப்பார்?

அப்புறம் ஒன்று. சொகுசு லாட்ஜ்களில் ராத்திரி சாப்பாட்டோடு வைன் வைப்பார்கள். முதல் சில இரவுகள் அதைத் தொட வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

பட்டர்வொர்த் பாமா

நானும் என் தங்கையும் இப்படிப்பட்ட லாட்ஜ்களில் தங்கித்தான் போய் வந்தோம். சொகுசு என்று செந்தூல் தம்பி நினைக்கிற அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. அறையோடு சேர்ந்த கழிவறை, குழாயில் சுடுதண்ணீர், படுக்கையில் மின்சாரப் போர்வை. சாப்பிட்டு வருவதற்குள் மெத்தைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்திருப்பார்கள். காலையில் பூட்ஸ் காய்ந்திருக்கும். கோலாலம்பூரில் இது சாதாரண ஹோட்டல். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, டயமாக்ஸ் எழுப்பிவிட்டு, வெளியே உறைபனி, உள்ளேயே கழிவறை இருக்கிறது பாருங்கள், அந்த நேரத்தில்தான் கொடுத்த காசின் அருமை தெரியும். தூங்கினால்தான் மறுநாள் நடக்க முடியும். இதைச் சொகுசு என்று கேலி செய்கிறவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டு வந்து பேசட்டும்.

ஆனால் மேலே போகப் போக எல்லாம் குறையும். "சொகுசு லாட்ஜ்" என்று பேக்கேஜில் பொதுவாகப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். எந்த ஊரில் எந்த லாட்ஜ், கழிவறை உள்ளேயா வெளியேயா, சூடு படுக்கையறையிலா சாப்பாட்டு அறையில் மட்டுமா என்று இரவு வாரியாக எழுதி வாங்குங்கள். கோரக் ஷெப்பில் பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் பலகைச் சுவரும் குளிரும்தான்.

சாப்பாடு: தால் பாத். சோறு, பருப்பு, காய், ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். நாம்சேக்கு மேலே கறி வேண்டாம். கும்புப் பள்ளத்தாக்கில் உயிர்க்கொலை செய்வதில்லை. எல்லா இறைச்சியும் கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் சுமந்து வருவது. தைப்பூச விரதம் இருந்து பழகிய நமக்குச் சைவம் என்ன கஷ்டமா?

செந்தூல் பையன்

அக்கா, "முதுகில் சுமந்து வருவது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். லுக்லாவுக்கு மேலே மோட்டார் சாலை கிடையாது. உங்கள் மெத்தை, கேஸ் சிலிண்டர், வைன் போத்தல், குளியலறை ஓடு எல்லாம் ஆள் முதுகிலோ மாட்டு முதுகிலோ ஹெலிகாப்டரிலோதான் ஏறும். நான் கேட்பது அதைத்தான்.

பட்டர்வொர்த் பாமா

கேட்க வேண்டிய கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் மலிவான ட்ரெக்கிங்கில் சுமை தூக்கும் போர்ட்டர் இல்லையா? விலையை அடித்து அடித்துக் குறைக்கும் இடத்தில்தான் அவர்கள் சம்பளமும் குறைகிறது, கனமும் கூடுகிறது. எங்கள் குழுவில் ஆளுக்கு 15 கிலோ பை, இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர். ட்ரெக்கிங் போர்ட்டருக்கு 30 கிலோ வரம்பு. கிளம்பும் காலையில் வழிகாட்டி எங்கள் கண் முன்னாலேயே கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டு எடை பார்த்தார். என் தங்கையின் பை கூடுதலாக இருந்தது. ஹேர் டிரையர், இரண்டாவது ஜோடி ஜீன்ஸ் எல்லாம் லாட்ஜ் அலமாரியிலேயே தங்கிவிட்டன. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மைதிலி அக்கா, ஏஜென்ட்டிடம் இதையும் கேளுங்கள். போர்ட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? குளிர் உடுப்பு யார் கொடுக்கிறார்கள்? அவர் எங்கே தூங்குவார்? அவருக்கு உடம்பு முடியாமல் போனால் தனியாக இறக்கி அனுப்புவார்களா, கூட ஆள் போவாரா? போர்ட்டர்கள் பல பேர் கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், உயர நோய் அவர்களுக்கும் வரும். இதற்கு மழுப்புகிற ஏஜென்ட் வேண்டாம்.

செந்தூல் பையன்

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். வைனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பாலிசி

இன்சூரன்ஸ் விற்கிறவன் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன், இல்லையென்றால் விளம்பரம் என்பீர்கள்.

விமான டிக்கெட்டோடு சேர்த்துக் கிளிக் செய்து வாங்கும் பயண இன்சூரன்ஸை நம்பிப் போகாதீர்கள். பாலிசியில் உயர வரம்பு இருக்கும். சிலது 3,000 மீட்டரோடு நின்றுவிடும், சிலது 4,000, சிலது 6,000. 3,000 வரம்பு உள்ள பாலிசி நாம்சே போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். பேஸ் கேம்ப் என்றால் 5,500க்கு மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், ஹெலிகாப்டர் மீட்பும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்து, மீட்பு ஹெலிகாப்டரைக் கூப்பிடுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேச வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. 2018இல் நேப்பாள அரசு விசாரித்தபோது, லேசான தலைவலிக்கெல்லாம் ஹெலிகாப்டர் வரவழைத்து, ட்ரெக்கிங் ஏஜென்ட், ஹெலிகாப்டர், மருத்துவமனை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்ட பெரிய மோசடி வெளியே வந்தது. அதன்பின் கம்பெனிகள் இந்த மாதிரி பில்லை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கின்றன.

பேக்கேஜில் வருகிற இன்ப ஹெலிகாப்டர் வேறு, மீட்பு வேறு. இன்ப ஹெலிகாப்டர் இருப்பதால் மீட்புச் செலவு சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கொடிமலைக்காரன்

ஹெலிகாப்டரைப் பற்றி இன்னொன்று. மேகம் மூடினால் பறக்காது. 5,000 மீட்டரில் காற்று மெல்லியது என்பதால் அதுவும் எல்லா இருக்கையிலும் ஆளை ஏற்ற முடியாமல் திணறும். இரண்டு மூன்று பேராகக் கீழே பெரிச்சேயில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, மறுபடி போய் மிச்ச ஆளைக் கூட்டி வருவார்கள். லுக்லா விமானமும் இப்படித்தான். ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் சரிவாக. வானிலை சரியில்லை என்றால் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கூட்ட சீசனில் காட்மாண்டுவிலிருந்து நேரே பறக்காமல் மந்தலி என்ற ஊருக்கு நடுராத்திரியில் நாலைந்து மணி நேரம் காரில் கூட்டிப்போய் அங்கிருந்து ஏற்றுவார்கள். சொகுசு பேக்கேஜ் வாங்கியவர்களும் அந்த வேனில் தலை ஆட ஆடத் தூங்கித்தான் போக வேண்டும். கோலாலம்பூர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் உபரியாக விடுங்கள்.

மைதிலி அக்கா, பேஸ் கேம்ப்தான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அங்கே நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. பக்கத்து மலைத் தோள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க காலா பத்தர் மேடு ஏற வேண்டும், 5,500 மீட்டருக்கு மேல். ஆனால் நாம்சேக்கு மேலே, ஷியாங்போச்சே மேட்டில், 3,880 மீட்டரில் 1971இல் ஜப்பானியர்கள் கட்டிய எவரெஸ்ட் வியூ ஹோட்டல் இருக்கிறது. மொட்டை மாடியில் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லாம் மூன்றும் எதிரே. அப்படியே கும்ஜுங் கிராமம், தெங்போச்சே மடாலம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 4,000ஐத் தாண்டவே வேண்டாம். நல்ல லாட்ஜ்கள் அதிகம் இருப்பதும் இந்த உயரம் வரைதான். முதல் திட்டத்தின் ஏழு நாளை இதற்குக் கொடுத்தால் நாம்சேயில் இரண்டு இரவு தங்கி நிதானமாகப் போய் வரலாம்.

ஈப்போ மலர்

நான் பூத்தானுக்கு ஓட்டுப் போடுகிறேன். முட்டிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுதான் லாயக்கு. அங்கே வழக்கமே பகலில் மேலே நடப்பது, ராத்திரி பள்ளத்தாக்கில் இறங்கித் தூங்குவது. பாரோ சுமார் 2,200 மீட்டர், புனாக்கா 1,200தான். புலிக்கூடு மடாலம் 3,100 சொச்சம், காலையில் ஏறி மதியம் இறங்கிவிடலாம். இறங்கி வந்தால் சுட்ட கல்லைப் போட்டுச் சூடாக்கிய மரத்தொட்டியில் குளியல். செந்தூல் தம்பி மன்னிக்க.

செலவுதான். ஹோட்டல், வழிகாட்டி, கார் எல்லாம் போக, அரசாங்கக் கட்டணம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். 2022இல் 200 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே பாதியாகக் குறைத்தார்கள், 2027 ஆகஸ்ட் வரை அந்தச் சலுகை. பாங்காக் மாதிரி ஓர் இடத்தில் விமானம் மாற வேண்டும். உச்சி ஏறுகிறவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. 2003லிருந்து மலையேற்றத்துக்கே முழுத் தடை. 7,570 மீட்டர் காங்கர் புயென்சும் இன்னும் யாரும் தொடாமல் நிற்கிறது. எனக்கு அந்த நாட்டை அதற்காகவே பிடிக்கும்.

தே ஓ கோசோங்

சுட்ட கல் குளியலுக்கு ஆளுக்கு 100 டாலர். செந்தூலில் என் வீட்டுக்கு வாங்க, இஸ்திரிப் பெட்டியைத் தொட்டியில் போட்டுத் தருகிறேன்.

சுபாங் மைதிலி

சிரித்துக்கொண்டே படித்தோம். ஏஜென்ட்டிடம் பாமா சொன்ன கேள்விகளை எல்லாம் அனுப்பினேன். லாட்ஜ் பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது: மேலே மூன்று இரவு "உள்ளூர் சிறந்த விடுதி" என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை! போர்ட்டர் இன்சூரன்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை. வேறோர் இடத்திலும் விசாரிக்கிறேன்.

இவர் ஹெலிகாப்டரை விட்டுவிட்டார். பேஸ் கேம்ப்பை இன்னும் விடவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு 12 நாளா, தெங்போச்சேயோடு நிறுத்துவதா என்று முடிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். தீபாவளி முடிந்து நவம்பரில் போனால் சரியா? என் முட்டிக்கு என்ன பயிற்சி செய்யலாம்? பத்துமலைப் படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

கொடிமலைக்காரன்

நவம்பர் நல்லது. வானம் தெளிவாக இருக்கும், அக்டோபர் கூட்டம் குறையும், குளிர் மட்டும் கடுமை. பஞ்சு ஜாக்கெட்டை இங்கே வாங்க வேண்டாம், காட்மாண்டு தமேல் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும்.

பத்துமலை 272 படி மூச்சுக்கு நல்லது. ஆனால் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான், அதுவும் தொடர்ந்து பல மணி நேரம். நூவாங் மலை போய் வாருங்கள், அந்த நீண்ட மண்பாதையிலேயே பொறுமைக்கும் பயிற்சி கிடைத்துவிடும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து இறங்கப் பழகுங்கள், மலையில் போய் முதன்முதலாகப் பழகக்கூடாது. போட்டுப்போகும் பூட்ஸோடேயே நடங்கள். பினாங்கு வந்தால் கொடிமலைக்கு எல்லாரும் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: ரயிலில் ஏறி, ஜீப் பாதையில் பூந்தோட்டம் வரை நடந்து இறங்குங்கள். மறுநாள் படியில் இறங்க முட்டி என்ன சொல்கிறது என்று இங்கே வந்து எழுதுங்கள், அதை வைத்து 12 நாளைப் பற்றிப் பேசலாம்.

சுபாங் மைதிலி

அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பினாங்கில் அண்ணன் வீட்டுக்கு வருகிறோம். ஜீப் பாதையில் இவரையும் இறக்கிவிடுகிறேன். கினபாலு ஏறியவராயிற்றே!